கதவு எந்தக் கூடை?

பெண்பிள்ளைகள் கழிப்பறையின் கதவு காற்றில் பிய்த்துக்கொண்டு விழுந்து ஏழு மாதம் ஆனபோது, அந்தப் பள்ளிக்கூடத்தில் கல்வித் துறைத் தலைமையகத்திலிருந்து பதினொரு பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்றாம் வகுப்பு டீச்சர் வராந்தாவில் நின்று ஒரு பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிகள் நீளமாக, தட்டையாக, ஆளுக்கு ஆள் கைமாற்ற முடியாத கனத்தில் இருந்தன. கதவு கேட்டு மூன்று விண்ணப்பம் எழுதிப் போட்டவள் அல்லவா, அவளுக்கு நெஞ்சு ஒரு குதி குதித்தது. துடைத்த துணியும் கையுமாக வாசலுக்கு ஓடினாள்.

பிரித்துப் பார்த்தால் மடக்குக் கூடைகள். வகுப்புக்கு ஒரு பச்சைக் கூடை, ஒரு சிவப்புக் கூடை. நூற்றிருபது பட அட்டைகள். எண்பத்து நான்கு பக்கத்தில் ஒரு கையேடு. அதன் மேலட்டையில் தங்க எழுத்தில், ‘தேவை–ஆசை பகுத்துணர்வுத் திட்டம்: ஐந்து வயதிலேயே தொடங்குவோம்.’

“நல்ல திட்டம்மா,” என்றார் பெரிய சார். தலைமை ஆசிரியரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற அவருக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. அந்தப் பதினான்கு மாதத்தையும் யார் கண்ணிலும் படாமல் கடந்துவிடுவதே அவருடைய கல்விக் கொள்கை.

“சார், கதவு?”

“வந்த பெட்டியை முதல்ல உள்ள வைப்போம்மா. வராததைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.”

உள்ளே வைப்பதில்தான் சிக்கல். திட்டப் பொருட்களைப் பூட்டுள்ள அறையில் பாதுகாக்க வேண்டும் என்றது கையேட்டின் மூன்றாம் பக்கம். பள்ளியில் பூட்டுள்ள அறை இரண்டுதான். ஒன்று பெரிய சாருடையது. இன்னொன்று ஆசிரியர் கழிப்பறை. தன் அறையில் இடமில்லை என்று பெரிய சார் சொல்லிவிட்டார். ஒன்றாம் வகுப்புக்கான கூடைகளையும் அட்டைகளையும் எடுத்துக்கொண்ட பிறகு, பதினொரு பெட்டிகளும் கழிப்பறைக்குள் கூரை முட்ட அடுக்கப்பட்டுப் பூட்டு விழுந்தது. அதுவரை அவசரம் என்று நெளிகிற பெண்பிள்ளைகளை டீச்சர் அங்கேதான் கண் ஜாடையில் அனுப்பிக்கொண்டிருந்தாள். பையன்கள் சுவரோரம் நின்றுகொள்வார்கள். அவர்களைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை, அவர்களும் பட்டதில்லை. ஆக, தேவை எது, ஆசை எது என்பதன் முதல் பாடம் அன்று மதியமே ஆரம்பமாகிவிட்டது. பிள்ளைகளும் அடக்கினார்கள், டீச்சரும் அடக்கினாள்.

டீச்சருக்கு அது புதிதல்ல. அவள் வீட்டில் கல்லூரிவரை போன முதல் ஆள் அவள்தான். எப்படிப் படித்தாய் என்று யாராவது கேட்டால், காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் படித்தேன் என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிப்புக்காகச் சொன்னதில்லை.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி இரண்டு நாள். தலைமையகத்துக் கூடத்தில் பல் கிட்டித்துப்போகிற குளிர். பயிற்சி கொடுத்தவர் இணை இயக்குநரே. பேச ஆரம்பிப்பதற்கு முன் அவர் குடிக்க ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தார், குடித்த பிறகு இன்னொருவர் மூடினார்.

“நான் வாழ்க்கையில எதுக்குமே ஆசைப்பட்டதில்லை,” என்று தொடங்கினார். “இந்தப் பதவிக்குக்கூட ஆசைப்படலை. பதவிக்கு நான் தேவைப்பட்டேன், வந்தேன். இங்க ஏ.சி. ஓடுது. இது ஆசைதானேன்னு நீங்க மனசுக்குள்ள நினைக்கலாம். யோசிச்சுப் பாருங்க. எனக்கு வேர்த்தா யோசனை ஓடாது. யோசனை ஓடலைன்னா திட்டம் வராது. திட்டம் வரலைன்னா, தேவை எது ஆசை எதுன்னு தெரியாமலே பிள்ளைங்க வளர்ந்துடும். அப்ப இந்த ஏ.சி. யாரோட தேவை?”

கூடம் யோசித்தது.

“பிள்ளைங்களோட தேவை!” என்றார் அவர். கைதட்டினார்கள். குளிருக்கு அதுவும் இதமாக இருந்தது.

டீச்சர் கையை உயர்த்தினாள். “சார், கதவு எந்தக் கூடைங்க சார்?”

“எந்தக் கதவு?”

“கழிப்பறைக் கதவு. எங்க ஸ்கூல்ல விழுந்துடுச்சு. ஏழு மாசமாச்சு.”

அவர் கோபப்படவில்லை. கையேட்டைப் புரட்டினார். “கழிப்பறை, அட்டை எண் பதினேழு. பச்சைக் கூடை. ஆக, தேவை. உங்க ஸ்கூல்ல கழிப்பறை இருக்கில்ல?”

“இருக்கு சார். கதவுதான்...”

“கதவுன்னு அட்டை இல்லையேம்மா.”

“அட்டை இல்லாததெல்லாம் என்ன சார்?”

“நல்ல கேள்வி. எல்லாரும் பக்கம் நாற்பத்தொண்ணை எடுங்க. ‘அட்டவணையில் இல்லாதவை யாவும் ஆசை எனக் கொள்ளப்படும். ஆசை தனிநபர் விவகாரம். அதில் துறை தலையிடாது.’ இந்த வரியை அடிக்கோடு போட்டுக்கங்க. நானே எழுதினது.”

நூற்றைம்பது பேர் அடிக்கோடு போட்டார்கள். டீச்சரும் போட்டாள், தாள் கிழிகிற அழுத்தத்தில்.

இரண்டாம் நாள் அவர் மொழிக்கு வந்தார். “நம்ம மொழியிலேயே ஒரு கோளாறு இருக்கு. தண்ணி வேணும்ங்கறோம். பலூன் வேணும்ங்கறோம். ரெண்டுக்கும் ஒரே வேணும்! இந்த ஜனங்க காலங்காலமா முன்னேறாம கிடக்கறதுக்குக் காரணம் என்னன்னு நான் மூணு வருஷம் ஆராய்ஞ்சேன். இந்த ஒரு சொல்தான். இனிமே எந்த வகுப்பறையிலயும் ‘வேணும்’ங்கற சொல் காதுல விழக் கூடாது. தேவைன்னா ‘தேவைப்படுகிறது’. ஆசைன்னா ‘ஆசைப்படுகிறேன்’. இதை நீங்க கண்டிப்பா அமல்படுத்த வேணும்.”

“சார், நீங்களே...” என்று பின்வரிசையில் யாரோ இழுத்தார்கள்.

“அலுவலர்களுக்கு அந்தக் குழப்பம் கிடையாது,” என்றார் இணை இயக்குநர்.

அடுத்த வாரத்திலிருந்து ஒன்றாம் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகளுக்கும் புது நாக்கு முளைத்தது.

முதல் வரிசையில் சுண்டெலி உட்காருவாள். முன்பல் இரண்டு விழுந்து, கண் மட்டும் பெரிதாய் இருக்கிற பெண். எதைக் கேட்டாலும் முதலில் எழுந்துவிடுவாள். அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் அம்மா.

“டீச்சர், இவன் என் பென்சிலை எடுத்துட்டான். எனக்கு வேணும்!”

“எப்படிச் சொல்லச் சொன்னேன்?”

“எனக்கு என் பென்சில் தேவைப்படுகிறது.”

பக்கத்துப் பையன் விடுவானா? “எனக்கு உன் பென்சில் ஆசைப்படுகிறேன்!”

இரண்டு விடையும் சரி. இரண்டு பேருக்கும் நட்சத்திரம் ஒட்டும்படி கையேடு சொன்னது. பென்சிலைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

பிறகு சுற்றறிக்கை ஒன்று வந்தது. ‘போகணும், வரணும், சாப்பிடணும் ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ணும்’ என்பது மேற்படி தடை செய்யப்பட்ட சொல்லின் வாலே என்பது கண்டறியப்பட்டுள்ளது. வாலும் தவிர்க்கப்பட வேண்டும்.’ அதைப் படித்துக்காட்டிய பெரிய சார், “எல்லாரும் இதுல கையெழுத்துப் போட...” என்று ஆரம்பித்து, வாலைக் கண்டு மிரண்டு நின்று, கடைசியில் பேனாவை நீட்டிக் கெஞ்சுகிற மாதிரி தலையாட்டினார்.

மறுநாள் கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து நின்றான். “டீச்சர், ஒண்ணுக்குப் போக...” நின்றான். “ஒண்ணுக்குப் போவது...” ஒரு காலைத் தூக்கினான். “எனக்கு... சிறுநீர் கழிப்பது... தே...” அவ்வளவுதான். வாக்கியம் முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. டீச்சர் அவனைக் கழுவிவிட்டு, பதிவேட்டில் அதற்கென்று இருந்த கட்டத்தில், அச்சடித்திருந்த மூன்று விடைகளில் ஒன்றுக்கு டிக் போட வேண்டியிருந்தது. ‘மொழித்தேர்ச்சி: போதாது.’

அவளுடைய நான்காவது விண்ணப்பம் திரும்பி வந்தது. ‘தங்கள் விண்ணப்பம் “ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்” என்று முடிகிறது. வேண்டு என்பது மேற்படி சொல்லின் வேர். தாங்கள் கேட்பது தேவையா ஆசையா எனத் தெளிவுபடுத்தவும்.’

தேவை என்று எழுதி அடியில் மூன்று கோடு போட்டு அனுப்பினாள். அதற்கு வந்த பதிலை அவள் வராந்தாவில் நின்றபடி படித்தாள்.

‘தேவை என்பது, அது இல்லாமல் உயிர் வாழ இயலாதது (கையேடு, பக்கம் 6). கழிப்பறை ஏழு மாதங்களாகக் கதவின்றி இயங்கிவருவதாகத் தாங்களே தெரிவித்துள்ளீர்கள். மேற்படி காலத்தில் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. எனவே இது ஆசை. தங்கள் விண்ணப்பம் சிவப்புக் கூடையில் இடப்பட்டுள்ளது.’

“பாத்தீங்களா சார்?” என்று தாளைப் பெரிய சார் மேசைமேல் போட்டாள்.

“பதில் போட்டிருக்காங்களேம்மா! எனக்கெல்லாம் இருபது வருஷமா ஒரு பதில் வந்ததில்லை.”

அடுத்த வாரம் சுண்டெலி நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் அவளுடைய அம்மா வந்தாள். பீரோ பட்டறையில் வேலை. தகடு தேய்த்த தூள் முழங்கைவரை மின்னியது. மகளின் தண்ணீர்ப் பாட்டிலை மேசையில் ‘ணங்’ என்று வைத்தாள். மூடிவரை தண்ணீர்.

“இதப் பாருங்க டீச்சர். காலையில ரொப்பிக் குடுக்கறேன். சாயங்காலம் அப்படியே திரும்பி வருது. ஏன்டி குடிக்கலைன்னா, குடிச்சா பாத்ரூம் வரும்மா, எல்லாரும் பாப்பாங்கன்றா. இப்ப ஒண்ணுக்குப் போறப்பல்லாம் எரியுது எரியுதுன்னு கத்துறா. ஜுரம். தண்ணியக் குடிக்காம அடக்கி அடக்கி வெச்சா இப்படித்தான் ஆகும்னு டாக்டர் என்னைத் திட்டுறாரு. என்னை!”

“நான் எழுதிப் போட்டிருக்கேங்க...”

“எழுதினா கதவாகிடுமா? நானும் இந்த மாதிரிதான் ஏழாவதோட நின்னேன். படிப்பு ஏறலைன்னு ஊர்ல சொன்னாங்க. படிப்பெல்லாம் நல்லாத்தான் ஏறுச்சு. மறைவா ஒரு இடம்தான் இல்லை.” “கதவு வர்ற வரைக்கும் இவளை அனுப்ப மாட்டேன். நீங்களே சொல்லுங்க, நான் கேக்கறது நியாயமா இல்லையா?”

டீச்சரிடம் இருந்த பதிலெல்லாம் கையேட்டில் இருந்தவை.

அடுத்த திங்கட்கிழமை இணை இயக்குநர் நேரில் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. பெரிய சாருக்கு வியர்த்துக் கொட்டியது. “நூத்திருபது அட்டையும் தப்பில்லாமப் போடறது அந்தச் சுண்டெலி ஒருத்திதாம்மா. ஒரே ஒரு நாள் கூட்டிட்டு வந்துடு. உன் வேலை வேற இன்னும் நிரந்தரமாகலை, ஞாபகம் இருக்கில்ல?”

டீச்சர் பட்டறைக்குப் போனாள். தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது, ஆனாலும் போனாள். சுண்டெலியின் அம்மா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். “அரை நாள். அவ வாயில ஒரு சொட்டுத் தண்ணி படாமத்தான் அனுப்புவேன். அந்த ஆபீசர் கண்ணுல நீங்க கதவைக் காட்டணும். அதாவது, இல்லாததைக் காட்டணும்.”

இணை இயக்குநர் வந்தார். வாசலில் அவருடைய சிரித்த முகம் போட்ட ஆறடி ஃப்ளெக்ஸ் அவரை வரவேற்றது. வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினார். அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தார். பிறகு சுண்டெலியை அருகே அழைத்தார்.

“பாப்பா, தண்ணி?”

“தேவை.”

“பலூன்?”

“ஆசை.”

“பாத்ரூம்?”

“பாத்ரூம் தேவை.” சுண்டெலி வறண்ட உதட்டை நக்கிக்கொண்டாள். “கதவு ஆசை.”

அந்த விடையை டீச்சர் சொல்லிக் கொடுக்கவில்லை. வராந்தாவில் நின்று அவள் அந்தக் கடிதத்தை வாய்விட்டுப் படித்துத் தொலைத்திருக்கிறாள்.

“சபாஷ்!” இணை இயக்குநர் துள்ளிவிட்டார். “பாத்தீங்களா? ஆறு வயசுப் பிள்ளைக்குப் புரியுது. சில டீச்சர்களுக்குத்தான் புரிய மாட்டேங்குது!”

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மூன்று பாட்டிலும் தங்கள் பங்குக்கு எழுந்து நின்றுவிட்டன. பெரிய சாரின் காதில் ஏதோ சொன்னார்.

பெரிய சார் சாவிக்கொத்தோடு ஓடி ஆசிரியர் கழிப்பறையைத் திறந்தார். மேலே இருந்த பெட்டி நேராக அவர் தோளில் விழுந்தது. “காலி பண்ணிடலாமா?” என்று கேட்டாள் டீச்சர். இருப்புப் பதிவேட்டில் இணை இயக்குநரின் கையெழுத்து இல்லாமல் பெட்டிகளை இடம் மாற்றக் கூடாது என்றார் பெரிய சார். இணை இயக்குநர் கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை. ஒரு காலை மற்றொரு காலோடு பின்னிக்கொண்டு நின்றார். கடைசியில் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குள்ளேயே போனார். வாசலை மறைத்து ஃப்ளெக்ஸை ஒரு பக்கம் பெரிய சாரும் மறுபக்கம் டிரைவரும் இழுத்துப் பிடித்தார்கள். முன்னால் அவருடைய முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பின்னால் அவர் இருந்தார்.

இரண்டு பேர் எதிரும் புதிருமாய் நின்று திரை பிடித்தால் பிள்ளைகள் என்ன நினைக்கும்? வித்தை காட்டப்போகிறார்கள் என்று முப்பத்தாறும் ஓடி வந்து வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தன. முன்னாலிருந்து ஒரு கைதட்டல் கிளம்பியது. மற்றவையும் தட்டின.

“யாருய்யா அங்க?” உள்ளிருந்து குரல் வெடித்தது. “துரத்துய்யா! என்ன ஸ்கூல்யா இது, ஒரு கதவு இருக்கா? மனுஷன் நிம்மதியா... கதவு வேணும்யா! முதல்ல ஒரு கதவு வேணும்!”

சுண்டெலி கையை உயர்த்தினாள். “சார், வேணும்னு சொல்லக் கூடாது.”

உள்ளே ஒரு வாளி உருண்டது.

“தேவையா, ஆசையா, சார்?”

ஃப்ளெக்ஸில் அவர் சிரித்தபடியே இருந்தார்.

கிளம்பும்போது அவர் முகம் கனிந்திருந்தது. “இந்தப் பள்ளிக்கு என்ன தேவைன்னு இன்னைக்கு அனுபவத்துல உணர்ந்துட்டேன். ஒரே வாரத்துல வந்து சேரும்,” என்றார் டீச்சரைப் பார்த்து. அவள் நம்பினாள். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. நம்பும்படியான நிலையில்தான் அவர் அங்கே நின்றிருந்தார். அன்று சாயங்காலம் பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது, சுண்டெலியின் அம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “நல்லா வேணும் அந்தாளுக்கு!”

இந்த ‘வேணும்’ எந்தக் கூடை என்று டீச்சர் யோசித்துப் பார்த்தாள். கையேட்டில் அதற்கு இடமே இல்லை.

ஒரு வாரத்தில் வண்டி வந்தது. நான்கு பேர் இறக்கினார்கள். சட்டம் அடித்த இரும்புத் தகடு, ஆறரை அடி உயரம், இரண்டே முக்கால் அடி அகலம். டீச்சர் உறையைக் கிழித்தாள். பச்சையும் சிவப்புமாகப் பாதிப்பாதி வண்ணம். மேலே, ‘தேவை எது? ஆசை எது? நில், யோசி, கேள்!’ கூடவே ஒரு ஆணை: ‘ஆய்வின்போது பிள்ளைகள் தாமாகவே பதாகையின் முன் திரண்டு அமர்ந்து கரவொலி எழுப்பியது, இப்பள்ளிக்கு நிரந்தரப் பதாகை ஒன்றின் தேவையை ஐயமற உணர்த்தியது.’

டீச்சர் அதை எட்டி ஓர் உதை விட்டாள். ‘டங்’ என்றது. கால் வலித்தது. நல்ல கனமான தகடு.

கொஞ்ச நேரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பம் எழுதிய விரல், பேசிய வாய், அடக்கிய வயிறு எல்லாம் சேர்ந்து அலுத்துப்போயிருந்தது. ஆணையின் அடியில் நிபந்தனைகள் இருந்தன. வேறு வேலையில்லாமல் படித்தாள். ‘பதாகையை, பிள்ளைகள் நாள்தோறும் தவறாமல் சென்றுவரும் இடத்தில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் நிறுவ வேண்டும். புகைப்படம் மூன்று நாட்களுக்குள் அனுப்பப்பட வேண்டும்.’

மறுபடி படித்தாள். எழுந்து நின்று தகட்டைப் பார்த்தாள். கழிப்பறை வாசலைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள்.

சனிக்கிழமை சுண்டெலியின் அம்மா வந்து சாணால் அளந்தாள். “அளவெடுத்துச் செஞ்ச மாதிரியில்ல இருக்கு! சட்டம் நல்ல சட்டம் டீச்சர். இந்தக் கனத்துக்கு ரெண்டு கீல் தாங்கும், நான் கொண்டாந்திருக்கேன். தாழ்ப்பாளை எங்க வைக்கட்டும்?”

“உள்பக்கம். சுண்டெலி கைக்கு எட்டற மாதிரி.”

பெரிய சார் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். “நான் பாக்கலை. எனக்குத் தெரியாது. நான் மரத்தைப் பாத்துட்டு நிக்கறேன்.” கொஞ்சம் பொறுத்து, திரும்பாமலே சொன்னார். “கீழ் இடைவெளி அதிகமா விட்டுடாதீங்க. பையனுங்க குனிஞ்சு பாப்பானுங்க.”

புகைப்படம் போனது. ஒன்பதாம் நாள் மெமோ வந்தது. ‘துறையின் பதாகையைக் கழிப்பறைக் கதவாகப் பயன்படுத்தி, திட்டத்தின் மாண்பைக் குலைத்தமைக்கு ஏன் தங்களைப் பணியிலிருந்து நீக்கக் கூடாது? மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.’

“மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிடும்மா,” என்றார் பெரிய சார். “வேலை போயிடும்.”

டீச்சர் அவர் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள்.

‘பதாகை, பிள்ளைகள் நாள்தோறும் தவறாமல் சென்றுவரும் இடத்தில், ஆணையில் கண்டபடி நிறுவப்பட்டுள்ளது. அதைவிடத் தவறாமல் அவர்கள் போகும் இடம் இப்பள்ளியில் வேறில்லை. கீல் இரண்டும் தாழ்ப்பாள் ஒன்றும் அட்டவணையில் இல்லாதவை. ஆகவே அவை என் ஆசை. ஆசை தனிநபர் விவகாரம், அதில் துறை தலையிடாது (கையேடு, பக்கம் 41).’

வேண்டுகிறேன் என்று முடிக்கவில்லை. கையெழுத்தைப் போட்டு உறையை ஒட்டினாள். அதற்கு என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியாது. வந்தால் எந்தக் கூடையில் போடுவது என்று மட்டும் தெரியும்.

வகுப்புக்குத் திரும்பினால் முதல் வரிசையில் சுண்டெலியின் இடம் காலி. கொஞ்ச நேரத்தில் வராந்தாக் கோடியில் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது. சுண்டெலி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, தன் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழுந்தது.

“டீச்சர், தீந்துடுச்சு. இன்னும் வேணும்.”

முப்பத்தைந்து பிள்ளைகளும் டீச்சர் திருத்துவதற்காகக் காத்திருந்தன. அவள் பாட்டிலை வாங்கி ரொப்பிக் கொடுத்தாள்.